கீற்றுக்குள் போன உப்புமலை

மருதங்கோட்டு அரசர் விசயகண்ட பூபதிக்கு ஒரு பழக்கம். வாரம் பிறந்தால் போதும், சபையில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "இந்த வாரம் வானம் எப்படி?" என்பதுதான்.

பதில் சொல்லவென்றே ஓர் ஆள் இருந்தார். அரண்மனை ஜோசியர் சோமையர். மகா கெட்டிக்காரர். வானத்தில் என்ன நடக்கிறது என்று தெரியுமோ தெரியாதோ, அரசர் மனசில் என்ன ஓடுகிறது என்று நன்றாகத் தெரியும்!

அது வைகாசி மாதம். கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பக்கத்து நாட்டு அரசர் அந்த வாரக் கடைசியில் விருந்தாளியாக வருவதாக இருந்தது. கடற்கரை உப்பளத்தில் மலை மலையாகக் குவித்திருக்கும் உப்பை அவருக்குக் காட்டி அசத்த வேண்டும் என்று பூபதிக்கு ஆசை. அது சோமையருக்குத் தெரியாதா என்ன? கண்ணை மூடி, விரல் விட்டு எண்ணி, பலன் சொன்னார்.

"மலைப்பக்கம் காலையில் மூடுபனி. வயல்பக்கம் சுள்ளென்று வெயில். கடற்கரையில் சுகமான காற்று. வாரம் முழுவதும் எங்கும் ஒரு சொட்டு மழை கிடையாது!"

அரசருக்கு வாயெல்லாம் பல்.

அந்த நேரம் பார்த்து உப்பளத்துத் தலைவி வேலாச்சி உள்ளே வந்து கும்பிட்டாள். "மகாராசா, உப்பு அம்பாரமெல்லாம் தெறந்து கெடக்கு. வழக்கமா இந்த மாசத்துல பனங்கீத்து போட்டு மூடிருவோம். இந்த வருசம் அதிகாரிங்க மூட விட மாட்டேங்கிறாங்க. ஒரு மழை அடிச்சா அத்தனையும் கரைஞ்சிரும். எங்க சனங்க வருசம் பூரா கஞ்சி குடிக்கிறது அதுலதான்."

"மூடினால் உப்புமலை குடிசை மாதிரி இருக்குமே! விருந்தாளிக்கு எதைக் காட்டுவது?" என்றார் அரசர்.

சோமையர் துள்ளி எழுந்தார். "மகாராஜா! இவள் என் வாக்கையே சந்தேகப்படுகிறாள்!"

அரசருக்குக் கோபம் வந்துவிட்டது. "சோமையர் வாக்குக்கு எதிராக இனி யாராவது 'மழை' என்று வாயைத் திறந்தால் சிறைதான்!"

வேலாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். சோமையர் மெதுவாகத் திரும்பி அரண்மனை விகடகவி நல்லகூத்தனைப் பார்த்தார். சாமர்த்தியமாகப் பேசி அரசரைச் சிரிக்க வைப்பவன் என்பதால் கூத்தன்மேல் அவருக்கு வெகுநாளாக எரிச்சல். மாட்டிவிட இதைவிட நல்ல சமயம் ஏது?

"கூத்தரே, உமது அபிப்பிராயம் என்னவோ?" என்று தேனொழுகக் கேட்டார்.

கூத்தன் கை கூப்பினான். "ஐயா சொன்ன பிறகு எனக்கென்று ஓர் அபிப்பிராயமா? மகாராஜா, எனக்கு வேறொரு யோசனை. உப்பை மட்டும் காட்டினால் போதுமா? இப்படிப்பட்ட ஜோசியரையும் விருந்தாளிக்குக் காட்ட வேண்டாமா?"

"எப்படி?"

"உப்புக்குப் பக்கத்திலேயே ஐயாவுக்கு ஓர் ஆசனம் போடுவோம். பரம்பரை ஏடுகள், பட்டு வஸ்திரங்கள் எல்லாவற்றையும் வெட்டவெளியில் விரித்து வைப்போம். வாரம் முழுவதும் அப்படியே கிடக்கட்டும். தன் வாக்கின்மேல் இவருக்கு எவ்வளவு நம்பிக்கை என்று விருந்தாளி அசந்துபோவார்!"

"பலே! இன்றைக்கே செய்யுங்கள்!" என்றார் அரசர்.

சோமையருக்கு இருமல் வந்தது. "மகாராஜா, ஏடுகள் பழசு. வெயில் பட்டால் சுருண்டுவிடும்."

"அப்படியானால் பகலில் மூடி வைப்போம். சாயங்காலம் திறப்போம்" என்றான் கூத்தன்.

"ஐயையோ, ராத்திரியில் பனி படுமே!"

"வைகாசியிலா?"

"கடற்கரை ஈரம் இருக்கிறதே! மேலே நாலு கீற்றாவது போட்டால்தான் ஏடு பிழைக்கும்."

கூத்தன் கவலையோடு தாடையைத் தடவினான். "போடலாம் ஐயா. ஆனால் உப்பு திறந்து கிடக்க, உங்கள் ஏட்டுக்கு மட்டும் கீற்று போட்டால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? 'ஊரார் உப்புக்கு ஒன்றும் ஆகாது என்றவர், தன் சொத்தை மட்டும் மூடிக்கொண்டார்' என்று சிரிக்க மாட்டார்களா? மகாராஜா, ஐயாவின் மானத்தைக் காப்பாற்ற ஒரே வழிதான். ஏட்டையும் மூடுவோம், உப்பையும் மூடுவோம். விருந்தாளி வந்ததும் இரண்டையும் சேர்த்துத் திறந்து காட்டுவோம்."

"என்ன சோமையரே, சம்மதமா?" என்று கேட்டார் அரசர்.

சோமையர் விழித்தார். "சம்மதம்" என்று முனகினார்.

அரசர் தலையாட்டி முடிப்பதற்குள் வேலாச்சி வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் உப்பளத்து ஆண், பெண் எல்லாருமாகச் சேர்ந்து எல்லா அம்பாரத்தையும் கீற்றால் போர்த்திக் கயிறு இழுத்துக் கட்டிவிட்டார்கள்.

வாரம் பாதிகூடப் போகவில்லை. ஒரு பிற்பகல் திடீரென்று காற்று சுழன்றடித்தது. இடி இடித்தது. கோடை மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. உப்பு விளையும் பாத்தியெல்லாம் குளமாயிற்று. கீற்றுக்குள் இருந்த உப்பில் ஒரு பிடிகூடக் கரையவில்லை. விருந்தாளி வந்த அன்று கீற்றைப் பிரித்தபோது, உப்புமலை வெயிலில் பளீரென்று மின்னியது. அவர் அசந்துபோய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கோடை மழையெல்லாம் மழைக் கணக்கில் வராது, மகாராஜா" என்று சோமையர் இழுத்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அரசர் வேலாச்சியை அழைத்து, இனி உப்பை எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதெல்லாம் உப்பளத்தார் விருப்பம் என்று உத்தரவு போட்டார். பிறகு கூத்தன் தோளில் கை வைத்தார்.

"மழை என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் மழையிலிருந்து உப்பைக் காப்பாற்றிவிட்டாயே! உண்மையைச் சொல். மழை வரும் என்று வானத்தைப் பார்த்துத்தானே கண்டுபிடித்தாய்?"

"நான் வானத்தைப் பார்க்கவே இல்லை, மகாராஜா. வெட்டவெளியில் ஏட்டை விரிப்போம் என்றதும் சோமையர் முகத்தைப் பார்த்தேன். முதலில் கறுத்தது அதுதான்!"

அரசர் சிரித்த சிரிப்பில் கழுத்தில் கிடந்த முத்துமாலை குலுங்கியது. அடுத்த நொடி அது கூத்தன் கழுத்தில் கிடந்தது.