குற்றாலலிங்கத்தின் ஆங்கிலம்

"இனிமேல் இந்த வேலை எனக்கு வேண்டாம் அம்மா," என்றார் குற்றாலலிங்கம்.

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிற எங்கள் மடத்துக்கு அவர்தான் மொழிபெயர்ப்பாளர். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

மடத்துக் குருவான அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கும்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கேட்பதை அவர் அம்மாவிடம் தமிழில் சொல்லவேண்டும். அவ்வளவுதான் வேலை.

வயதில் அம்மாவைவிட மூத்தவர், ஆனாலும் சீடர். சீடர் என்று பெயர்தான். இன்னும் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பதாகவே மனிதருக்கு நினைப்பு.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"ஏன், என்ன ஆச்சு?"

கொட்டித் தீர்த்துவிட்டார். அமெரிக்காக்காரரிடம் சௌக்கியமா என்று கேட்டால் 'ஐ ஆம் குட்' என்று, 'நான் நல்லவன்' என்கிற மாதிரி பதில் சொல்கிறாராம். லண்டன்காரர் எதைச் சொன்னாலும் கடைசியில் 'இன்னிட்' என்று ஒரே வாலை ஒட்டுகிறாராம். நம் ஆட்களைக் கேட்கவே வேண்டாம், தேதியை முன்னால் தள்ளுவதை 'ப்ரீபோன்' என்று யாராவது சொன்னாலே அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறதாம். ஒரு மொழியை இப்படியா ஆளாளுக்குக் குதறுவது என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனவன் ஊரில் அவனவன் அப்படித்தான் பேசுவான். இவருக்கு என்ன நஷ்டம்?

"அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன் அம்மா. இன்று காலையில் சிங்கப்பூரிலிருந்து ஒருத்தர் வந்தாரே, அவர் பேசினதுக்குப் பெயர் ஆங்கிலமே இல்லை."

அந்தப் பெண்ணை நானும் பார்த்தேன். புஷ்பராணி என்று பெயர் சொன்னார். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் தமிழ் வாயில் வரவில்லை. கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு, வாசலில் நின்றபடியே இவரிடம் சொல்ல ஆரம்பித்தார். இவர் வரிக்கு வரி நிறுத்தித் திருத்தினார். எப்படியோ கடைசிவரை சொல்லி முடித்தவர், இவர் அப்போதும் விரலை ஆட்டித் திருத்துவதைப் பார்த்து, 'சாரி' என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டார்.

இந்த மனிதரை அந்த இடத்திலேயே நாலு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். விட்டுவிட்டேன்.

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "அந்தப் பொண்ணு என்ன சொன்னாங்க?"

குற்றாலலிங்கத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. இறந்தகாலம் என்பதே கிடையாதாம். எழுவாய்க்கும் பயனிலைக்கும் சம்பந்தமே இல்லையாம். வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'லா' வேறு.

"உச்சம் எது தெரியுமா அம்மா? 'மை சன் கோ ஆல்ரெடி'யாம். இது ஒரு வாக்கியமா?"

"அப்படின்னா தமிழ்ல என்ன?"

"என் மகன் ஏற்கெனவே..."

நின்றுவிட்டார்.

அம்மாவின் கையும் நின்றது.

"என் மகன் போய்விட்டான்," என்றார் குற்றாலலிங்கம். குரல் இறங்கிப்போயிருந்தது.

"அப்புறம்?"

குற்றாலலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்கிட்ட ஏதோ கேக்கணும்னுதானே அவ்வளவு தூரத்திலிருந்து வந்தாங்க. என்ன கேட்டாங்க?"

அவர் நெற்றியைத் தேய்த்தார். உதடு அசைந்தது. திருத்தின பிழை ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தது போலிருக்கிறது, விரல்விட்டுப் பார்த்தார். கேள்வி அகப்படவில்லை.

"ஞாபகம் இல்லை அம்மா. நான் அதைக் கவனிக்கவில்லை."

கீழே ரோட்டில் நாமக்கல் பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் சாயங்காலம்தான் அடுத்த பஸ். ஆனால் புஷ்பராணி அதை விடமாட்டார். விட்டுவிட்டு இங்கே நிற்க அவருக்கு என்ன இருக்கிறது?

"போய்க் கூட்டிட்டு வாங்க," என்றார் அம்மா. இத்தனை வருஷத்தில் அம்மா குரலில் கோபத்தை அன்றைக்குத்தான் கேட்டேன்.

குற்றாலலிங்கம் எழுந்துவிட்டார். வாசல்படி வரை போய்த் திரும்பினார்.

"எந்த முகத்தோடு போவேன்? அவரிடம் என்னவென்று பேசுவேன் அம்மா?"

"வாய்க்கு வந்த இங்கிலீஷ்ல."