அஞ்சலை தொடாத கம்ப்யூட்டர்

முதலில் சத்தம்தான் வந்தது. கம்ப்யூட்டர் அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், பரிசு விழுந்திருப்பதாக ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அஞ்சலையை, ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி வேதமூர்த்தி தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார்.

"தூசி துடைக்கிறேன்னு எதையோ அமுக்கி வைரஸை ஏத்தி வச்சிருக்கே. நீ இல்லைன்னா நிரூபி. முடியலைன்னா நாளையிலிருந்து வராதே."

பதினோரு வருஷ வேலை. எழுதப் படிக்கத் தெரியாதவள் எதை வைத்து நிரூபிப்பாள்?

ரிப்பேர்காரர் இமானுவேல் வந்து, இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, மதியம் வரை உட்கார்ந்து முந்நூறு வைரஸை நீக்கினார். அதுவரை அஞ்சலை கதவோரமே நின்றாள். பிறகு சொன்னாள்: "நானே பண்ணினதா இருக்கட்டும் ஐயா. என்னைக்குப் பண்ணினேன்னு மட்டும் இந்த ரிப்பேர் அண்ணன்கிட்ட கேளுங்க."

இமானுவேல் திரையில் இருந்த வைரஸ் பட்டியலைப் பார்த்தார். "முதல் வைரஸ் ஏதோ இலவச ஜாதகத்தோட இறங்கியிருக்கு. ஆயுத பூஜை அன்னைக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு."

"அன்னைக்குக் காலையிலேயே இதுக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, மறுநாள் விடியுற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு நீங்கதான் ரூமைப் பூட்டினீங்க. சாவி உங்க இடுப்புல. நான் எப்படி உள்ளே போனேன்னு சொல்லுங்க ஐயா, ஒத்துக்கிறேன்."

வேதமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, சரி. போய் வேலையைப் பாரு."

அவள் நகரவில்லை. "பழி போட்டது தெருவுக்கே கேட்டுச்சு. இல்லைன்னு சொல்றதும் கேட்கணும் ஐயா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். "அஞ்சலை தொடலை," என்றார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "தொட்டது நான்தான்."

அஞ்சலை கொல்லைக்குத் திரும்பி, புளியைத் தொட்டுப் பித்தளைக் குடத்தைத் தேய்க்க உட்கார்ந்தாள்.