கீழறை முட்டைகள்

ஒரு காட்டுல, வெயில் கொளுத்துற மலை உச்சியில பெரிய எறும்புப் புத்து ஒண்ணு. அதுல ஒரு ராணியம்மா. காடு முழுக்க அந்தப் புத்துக்குக் கிளைப் புத்துங்க.

"முட்டையைக் கீழறையிலதான் வைக்கணும். அங்கதான் குளிர்ச்சி!" இது ராணியம்மா போட்ட சட்டம். மலைக்கு அது சரி. ஆனா ஆத்தங்கரைக் கிளைக்கும் அதே சட்டம்தான்!

ஆத்தங்கரைக் கிளைக்குத் தலைவி செவத்தி. மேலிடத்துச் சொல்லைத் தட்டாதவ. முட்டை ஒவ்வொண்ணையும் துடைச்சு, அதுங்களோட பேசிக்கிட்டே இருப்பா.

ஐப்பசியில ஒரு நாள், பக்கத்து வளை நண்டு மூச்சிரைக்க ஓடி வந்துச்சு.

"ஏ செவத்தி! ஆத்துல செந்தண்ணி வருது, வெள்ளம் வரப்போகுது. முட்டையைத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடு!"

"உத்தரவு இல்லாம எப்படிண்ணே? மலைக்கு ஆள் அனுப்பியிருக்கேன்."

"ஆறு யார்கிட்டடி உத்தரவு கேட்டுச்சு?"

செவத்தி ஒரு முட்டையை வாயில கவ்வினா. அப்புறம் மெதுவாக் கீழே வச்சிட்டா.

அதுக்குள்ள சேதி கொண்டுவர்ற வெட்டுக்கிளி தாவி வந்து, தலையை நிமித்திக்கிட்டு, அச்சு அசலா ராணியம்மா குரல்லயே பேசுச்சு:

"மழையா? எங்க? இங்க ஒரு சொட்டைக் காணோமே! கிளைக்கொரு சட்டம் வச்சா புத்து உருப்படுமா? முட்டை கீழறையிலயே இருக்கட்டும்!"

"கேட்டீங்களாண்ணே? பெரியவங்க யோசிக்காமலா சொல்லுவாங்க?"ன்னா செவத்தி.

நண்டு தலையில அடிச்சுக்கிட்டு மேட்டைப் பார்த்துப் போயிடுச்சு.

வெள்ளம் வாசல் வழியா வரலை. அடியில ஊறி வந்துச்சு. கீழறைதான் முதல்ல நிறைஞ்சுது. செவத்தி முங்கி முங்கித் துழாவினா. ஒண்ணுகூடத் தட்டுப்படலை.

தண்ணி வடிஞ்சதும் வெட்டுக்கிளி மறுபடி வந்துச்சு. இந்தத் தடவை ராணியம்மா குரல்ல தேன் ஒழுகுச்சு.

"செவத்தி, உன்னால எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! ஓடைக்கரைக் கிளை, தாழங்காட்டுக் கிளை எல்லாம் உத்தரவை மீறி முட்டையைத் தூக்கிட்டு ஓடிடுச்சுங்க. கீழ்ப்படிஞ்சவ நீ ஒருத்திதான்!"

செவத்தி சேத்துல உக்காந்திருந்தா. தலையைத் தூக்கிக் கேட்டா: "அவங்க முட்டைங்க?"

வெட்டுக்கிளிக்கு இப்போ ராணியம்மா குரல் வரலை. சொந்தக் குரல்ல, மெல்லச் சொல்லுச்சு:

"பொரிஞ்சிடுச்சு அக்கா. குஞ்செல்லாம் நடக்குது."

நீதி: உத்தரவு போடுறவங்க உச்சியில இருப்பாங்க, முழுகுறது நம்ம வீடு. கண்ணால கண்டதை நம்பி நட.