மலிவுக் கம்ப்ரசர்

கோயில் கச்சேரிக்கு வந்த கானமணி வைத்தியலிங்கம், மைக்செட்கார எஸ்தரின் கம்ப்ரசரை, ஒலியைச் சமன்செய்யும் அந்தப் பெட்டியை, பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என் குரலுக்கு இந்த மலிவுப் பெட்டியா? வெளிநாட்டுச் சாமான் வராமல் மேடையேற மாட்டேன்."

கூட்டம் உட்கார்ந்துவிட்டது. வெளிநாட்டுச் சாமானுக்கு எஸ்தர் எங்கே போவாள்?

"ஐயா, கத்தினா அமுக்கும், முனகினா தூக்கிவிடும், அவ்வளவுதான். குரலை அடக்கத் தெரியாதவங்களுக்குத்தான் கம்ப்ரசரே. உங்களுக்கு எதுக்குங்க?"

"அதானே! கழற்றிவிடு."

கழற்றினாள். முதல் பாட்டில் அவர் உச்சத்துக்குப் போனதும் ஸ்பீக்கர் அலறியது, முன்வரிசை காதைப் பொத்தியது. குரல் கீழே இறங்கியதும் தபேலா மட்டும்தான் கேட்டது.

பாட்டு முடிந்ததும் வைத்தியலிங்கம், கையிலிருந்த மைக்கை மறந்து, எஸ்தர் பக்கம் குனிந்தார்.

"அம்மா, அந்த மலிவுப் பெட்டியையே மாட்டிடும்மா."

அன்றைக்கு அவர் குரல் ஊருக்கே தெளிவாகக் கேட்டது அப்போதுதான்.