இரண்டு பெயிண்ட் வாளிகள்

"பயிர் பச்சையாத்தானே இருக்கு தாயி? பெறகு ஏன் மடையத் தொறக்க மாட்டேங்கிற?"

கேட்டவர் தனுஷ்கோடி. வேளாண்மை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபது. அடைத்த மடையருகே மண்வெட்டியோடு நின்றவள் இருளாயி. ஊர் வயல்களுக்கு நீர் பாய்ச்சுகிறவள், வயது முப்பத்தெட்டு.

ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் அவளிடம் பாடம் கேட்க வந்துவிட்டார். ஊர் சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

மேற்கே வாய்க்கால் கரையில் புதிதாக ஒரு சாயப்பட்டறை வந்திருந்தது. வாய்க்கால் தண்ணீரில் நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆனாலும் ஒரு நாள் இருளாயி மடையை அடைத்துவிட்டாள். காரணம் சொல்லவில்லை.

நாற்பது ஏக்கர் நெல். கிணறு வைத்திருப்பவர்கள் முறை போட்டுத் தண்ணீர் கொடுத்து அலுத்துப் போயிருந்தார்கள். மடையைத் திறக்கச் சொல்லி எல்லோரும் கையெழுத்துப் போட்ட மனு தனுஷ்கோடியின் சட்டைப்பையில் இருந்தது. எழுதியவரும் அவர்தான்.

"அடைக்கிறதுக்கு முன்னாடியே என் வயலுக்கு அந்தத் தண்ணிதான் பாஞ்சுச்சு. இலை நெறம் பாக்குற வண்ண அட்டைய வச்சுப் பாத்துட்டேன். நல்ல பச்சை."

"எந்நேரம் பாத்தீங்க சார்?"

"பத்து மணிக்கு."

"விடியக்காலம் வாங்க."

விடியலில் வந்தார். இருளாயியின் கிணற்றுப் பாசன வயலில் இலை நுனிதோறும் துளி நின்றது. பக்கத்திலிருந்த அவர் வயலிலும் நின்றது.

"ரெண்டும் ஒண்ணுதான். பனி பேஞ்சிருக்கு," என்றார்.

அன்று பொழுது சாய்கையில் அவள் இரண்டு வயல்களிலும் ஒவ்வொரு நெற்குத்தின்மேல் காலிப் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்தாள்.

மறுநாள் விடியலில் தன் வயலில் இருந்த வாளியைத் தூக்கினாள். ஒவ்வொரு நுனியிலும் மூக்குத்திக் கல் போல ஒரு துளி.

"வாளிக்குள்ள பனி எறங்குமா சார்?"

தனுஷ்கோடிக்குச் சுருக்கென்றது. வேர் குடித்த நீர் இரவில் ஏறி இலை நுனியில் துளிக்கும். பரீட்சையில் பத்துக்குப் பத்து வாங்கிய கேள்வி. முப்பத்தைந்து வருஷ வேலையில் ஒரு தரம்கூடக் குனிந்து பார்த்ததில்லை.

"உங்க வயல் வாளிய நீங்களே தூக்குங்க."

தூக்கினார். இலை பச்சை. நுனியில் ஒரு துளிகூட இல்லை.

ஒவ்வொரு இலையாகத் தடவிப் பார்த்தார். விரலில் ஈரம் ஒட்டவில்லை. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வேர் குடிக்கல தாயி. பட்டறைத் தண்ணியில இருக்குற உப்பு குடிக்க விடல. இது தெரியாம ஊருக்கே பாய்ச்சச் சொல்லி எழுதினேனே."

மனுவை எடுத்து நாலாகக் கிழித்தார். "என் பயிர் போச்சு."

இருளாயி அவர் முன்னால் மண்வெட்டியை வைத்தாள்.

"இலை இன்னும் பச்சையாத்தானே சார் இருக்கு? உப்பு வெளியேற வடிகால வெட்டுங்க. நான் கெணத்துத் தண்ணியத் திருப்புறேன்."