கல்யாணம் முதல் நாள், காதல் மறுநாள்

சுரைக்காய்ப்பட்டிக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்கள் சொல்வதை நம்பாதீர்கள். அவர்கள் சொல்வது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன்.

ஞானசிகாமணி என்றொரு டைரக்டர் காதல் சிரிப்புப் படம் எடுக்க அந்த ஊருக்கு வந்தார். விதி யாரை விட்டது! கதாநாயகியாகக் கூத்தையன் மகள் மரிக்கொழுந்தையும், கதாநாயகனாகச் செவந்தியப்பனையும் பிடித்துப் போட்டார். செவந்திக்கு அவள்மேல் ரொம்ப நாளாகவே உயிர். ஆனால் பாவம், அவளைக் கண்டாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். படத்தில் அவளைக் கட்டிக்கொண்டு அப்படியே குடித்தனம் நடத்திவிடலாம் என்று நம்பித்தான் நடிக்க ஒத்துக்கொண்டான்.

"யாரும் நடிக்கக் கூடாது. வீட்டுல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க" என்றார் டைரக்டர்.

"ஆக்‌ஷன்" என்றதும் மரிக்கொழுந்து எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அது மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம்.

கல்யாண மண்டபம் முதல் நாள் மட்டும்தான் கிடைத்தது. அதனால் கடைசிக் காட்சியான கல்யாணத்தை முதலில் எடுத்தார்கள். சினிமாவில் இது சகஜம். ஊர் முழுக்கச் சீர்வரிசையோடு வந்து, பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வாழ்த்திப் போனது. செவந்திக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் காட்சி. கதாநாயகன் கதாநாயகியை முதன்முதலாகப் பார்த்து மயங்க வேண்டும்.

கூத்தையன் குறுக்கே வந்து நின்றார். "ஐயா, நேத்து தாலி கட்டுன பொண்டாட்டிய இன்னிக்கு முதல் தடவை எப்படிப் பார்ப்பான்?"

"அது சும்மா படத்துக்குங்க!"

"மூணு முடிச்சு போட்டாச்சு. மேளம் கொட்டியாச்சு. இதுல எந்த முடிச்சு சும்மா?"

செவந்தியின் அம்மா ஒச்சம்மா யோசித்துச் சொன்னாள். "கட்டுனவள ரோட்டுல நின்னு வெறிச்சுப் பார்த்தா ஊரு சிரிக்கும். அத்துவிட்டுட்டா யாரோ எவளோ. தாராளமாப் பார்க்கலாம்."

அந்த ஊரில் புருஷன் பொண்டாட்டியைப் பிரிக்க, ஊர் கூடி ஒரு வைக்கோல் துரும்பை முறித்துப் போடுவது வழக்கம். ஊர் கூடியது. செவந்தி வைக்கோல் படப்பின் மேல் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டு, துரும்பு தர மாட்டேன் என்று அழுதான். அவன் தலைமுடியிலேயே ஒரு துரும்பு ஒட்டியிருந்தது. அதை எடுத்து முறித்தார்கள்.

இப்போது கேமராவை ஓடவிட்டால், மரிக்கொழுந்து அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்துவிட்ட வீட்டோடு யார் பேசுவார்கள்? செவந்தி நடுரோட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தான்.

"பிரமாதம்! மோதல்ல ஆரம்பிச்சாத்தான் காதல்!" என்று டைரக்டர் துள்ளினார்.

துள்ளல் அன்று மாலையோடு சரி. அடுத்தது காதல் பாட்டு. அத்துவிட்டவள் பேச மாட்டேன் என்கிறாள். சேர்த்துவைத்தாலோ, "புருஷன்கூடத் தோப்புல என்ன ஆட்டம்? உலை வைக்க வேண்டாமா?" என்கிறாள். நியாயம்தானே?

கடைசியில் கூத்தையனுக்குத்தான் மூளை வேலை செய்தது. "துரும்ப முழுசா முறிச்சாத்தான அத்துவிட்டது? பாதி வளைச்சுப் பிடிச்சா?"

"புருஷனும் இல்ல, அந்நியனும் இல்ல" என்றாள் ஒச்சம்மா.

"அதுக்குப் பேருதாம்மா காதல்!" என்று டைரக்டர் அவள் காலில் விழாத குறை.

ஒச்சம்மா துரும்பை வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் கைகோத்துத் தென்னைமரங்களைச் சுற்றி ஓடினார்கள். பாட்டு முடிகிற நேரத்தில் ஒச்சம்மாவுக்குத் தும்மல் வந்து துரும்பு படக்கென்று முறிந்தது. மரிக்கொழுந்து கையை உதறிவிட்டு, விடுவிடுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள். எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தாயிற்று என்று டைரக்டரும் மூட்டை கட்டினார். செவந்தி மட்டும் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தான்.

படம் தயாராகி ஊர்க் கொட்டகைக்கு வந்தது. பஸ் ஸ்டாப் வந்தது, மோதல் வந்தது, பாட்டு வந்தது. கடைசியில் கல்யாணம் வந்தது. ஊரே வாயைப் பிளந்தது.

"கல்யாணத்துக்கு அப்புறம் துரும்பு முறிச்சாங்களா?" என்று கூத்தையன் கேட்டார்.

"இல்ல. சுபம்னு போட்டாங்க."

"அப்ப மரிக்கொழுந்து இவன் பொண்டாட்டிதான்!"

அன்றைக்கே அவளைச் செவந்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அவனுக்கு ஆனந்தத்தில் பேச்சே வரவில்லை. வழக்கமாகவும் வராதுதான்.

மறுநாள் மத்தியானம் கூத்தையன் குடையோடு வந்து, மகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். "வர்றேன் மாப்ளே. இல்ல, தம்பி. கொட்டகையில படம் ஆரம்பிச்சாச்சு. இனிமே நீ யாரோ, அவ யாரோ."

தினம் இரண்டு காட்சி. படம் தொடங்கும்போது மரிக்கொழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போவாள். சுபம் போட்டதும் திரும்பி வருவாள். படமோ சக்கைப்போடு போட்டது. தன் படம் ஓடக் கூடாதென்று கோயில் கோயிலாக வேண்டிக்கொண்ட கதாநாயகன் செவந்தி ஒருவனாகத்தான் இருப்பான்.

வேண்டுதல் அரைகுறையாகப் பலித்தது. ஒருநாள் மத்தியானக் காட்சியில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பிமேல் தென்னைமட்டை விழுந்து கரண்ட் போய்விட்டது.

ஊர் கூடிப் பேசியது. படம் பாட்டில் நிற்கிறது. அப்படியென்றால் இருவரும் பாட்டில்தான் இருக்க வேண்டும். உடனே தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையைக் கோத்துவிட்டு ஓடச் சொன்னார்கள்.

"நிக்காதீங்க, பாட்டு இன்னும் முடியல!" என்று கூத்தையன் மோர்ச் செம்போடு பின்னாலேயே ஓடினார்.

லைன்மேன் வந்து, கம்பத்தில் ஏற ஊரில் இருந்த ஒரே ஏணியைத் தேடினார். ஏணியைக் காணோம்.

ஏழெட்டுச் சுற்றுக்குப் பிறகு மரிக்கொழுந்து செவந்தியின் காதோரம் குனிந்தாள். "மெதுவா ஓடுய்யா. எனக்கும் உன்னை விட்டுட்டுப் போக மனசில்ல. ஊரு கூடிப் பேசுறப்பவே ஏணிய எங்க மாட்டுக் கொட்டாய்ல ஒளிச்சு வெச்சுட்டேன். தேடிக் கிடைக்கிற வரைக்கும் இப்படியே இருக்கலாம்."

செவந்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை காலமாக ஒட்டிக்கிடந்த நாக்கு அந்த நொடியில் கழன்றது.

"அண்ணே!" என்று லைன்மேனைப் பார்த்து ஊரே கேட்கும்படி கூவினான். "ஏணிய அவசரப்பட்டுத் தேடாதீங்க! அது மரிக்கொழுந்து வீட்டு மாட்டுக் கொட்டாய்ல பத்திரமா இருக்கு! நீங்க நிம்மதியாச் சாப்பிட்டுட்டு வாங்க!"