எழுப்பும் வார்த்தை

ஐந்து வருஷத்துக்கு முன்னால் கூவாச்சிப்பட்டி ஊர் ஒரு மனுஷனை வெயிலில் குப்புறக் கிடக்கவிட்டு, எழுப்பாமலே கலைந்து போனது. தப்பு அங்கே ஆரம்பித்தது.

அந்த ஊர் வழக்கம் இது. பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் போகிறவன் மேல் கறை இருந்தால், மனு கொடுக்கும் முன்னால் சாவடி வாசலில் ஊர் பார்க்க நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். ஊர் "எழுந்திரு" என்று சொன்னால் போய் மனு கொடுக்கலாம். சொல்லாவிட்டால் ஐந்து வருஷம் நாற்காலி கிடையாது. முகம் பார்த்துப் பேசவும் ஆள் கிடையாது. முதல் குரல் ஊர்ப் பெரியவர் பூதலிங்கத்தின் குடும்பத்துக்கு. அவர் சொன்னால்தான் ஊர் சொல்லும்.

அப்போது விழுந்தவன் சிவனணைந்தான். பக்கத்து டவுனில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. பூதலிங்கம் வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் வரை கிடந்தான். பிறகு தானே எழுந்தான். மறுவாரம் ஊரைவிட்டே போய்விட்டான்.

இப்போது தளவாய். அதே தப்பு, வேறு டவுன். தளவாய் தோளில் கிடப்பது ஊதாக் கட்சித் துண்டு. பூதலிங்கம் தோளிலும் அதுதான். சிவனணைந்தான் போட்டிருந்தது வேறு கட்சித் துண்டு.

நாளைக் காலை தளவாய் விழப் போகிறார். பூதலிங்கத்திடம் வார்த்தை தயாராக இருந்தது. ஆனால் சிவனணைந்தான் நினைப்பு வந்து வந்து போனது. பாறையடியில் இருந்த சாமியாரிடம் போனார்.

பூதலிங்கத்துக்கு அறுபத்தாறு வயது. சாமிக்கு நாற்பதுதான் இருக்கும். வயதைக் காட்டி சாமியிடம் சலுகை வாங்க முடியாது. பன்னிரண்டு வருஷமாக முடிந்ததில்லை.

சாமி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "என்ன ஓய்?"

"சாமி, தப்புப் பண்ணினவனை மன்னிக்கலாமா?"

"எந்தத் துண்டு?"

பூதலிங்கம் கனைத்துக்கொண்டார். "துண்டை விடுங்க சாமி. இது அவர் சொந்த விஷயம். ஊருக்கு ரோடு போட்டிருக்கார். தண்ணி கொண்டுவந்திருக்கார்."

"சிவனணைந்தான் ஒண்ணும் பண்ணலையோ?"

"அவன் பள்ளிக்கூடம்தான் கட்டினான்."

"ம்."

"அது வேற சாமி. அவனுக்கு அது குணம். இவருக்கு இது சறுக்கல்."

சாமி கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார். எழுந்து வந்தார். பூதலிங்கத்தின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

பூதலிங்கம் பதறிப் பின்னால் நகர்ந்தார். "ஐயோ, எழுந்திருங்க சாமி."

சாமி எழுந்திருக்கவில்லை. "நான் என்ன பண்ணினேன்னு கேட்டீரா?"

"நீங்க என்ன பண்ணியிருக்கப் போறீங்க?"

"மேட்டு மடத்துச் சாமியார் இப்படி விழுந்திருந்தா?"

மேட்டு மடத்துக்காரரை பூதலிங்கத்துக்குப் பிடிக்காது. "கேட்டிருப்பேன்."

"எவ்வளவு நேரம் கிடக்க விட்டிருப்பீர்?"

பூதலிங்கம் தலையைச் சொறிந்தார். "மத்தியானம் வரைக்கும்."

சாமி எழுந்து போய்ப் புளி முன்னால் உட்கார்ந்தார். மார்பில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை.

"தளவாய் சம்சாரம் பேர் என்ன?"

"ஆவுடையம்மாள். அவ கையால எத்தனை தடவை சாப்பிட்டிருக்கேன்."

"சிவனணைந்தான் சம்சாரம்?"

பூதலிங்கம் விரலால் நெற்றியைத் தட்டினார். "அந்தப் பிள்ளை... ஒல்லியா இருக்கும்."

"கேட்டுக்கிட்டு வாரும். அப்புறம் மன்னிப்பைப் பத்திப் பேசுவோம்."

பூதலிங்கம் பஸ் ஏறினார். சிவனணைந்தான் இப்போது இருப்பது இருபது மைல் தள்ளி ஒரு சந்தை ஊரில். முறுக்குக் கடை. கடையில் நின்ற சிவனணைந்தான் பூதலிங்கத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். அவர் சம்சாரம் முறுக்குப் பிழிவதை நிறுத்தவில்லை.

"வாங்க அண்ணாச்சி. முறுக்கு வேணுமா, ஓட்டு வேணுமா?"

"உன் பேரைத் தெரிஞ்சுக்கிட்டுப் போகலாம்னு வந்தேம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க மக கல்யாணத்துக்கு மூணு நாள் உக்காந்து காய் நறுக்கினேன். தங்கபுஷ்பம்."

பூதலிங்கம் நின்றுகொண்டே இருந்தார். உட்காரத் தோன்றவில்லை.

"அன்னிக்கு நான் வார்த்தை சொல்லலை. உனக்குக் கோபம் இருக்கும்."

"நாற்காலி இல்லைன்னதுக்கா? என்னைக் கேட்டிருந்தா நானும் குடுக்காதீங்கன்னுதான் சொல்லியிருப்பேன். நீங்க கேட்கலையே. கலைஞ்சு போயிட்டீங்க. வீட்டுக்குள்ள வர அவருக்கு 'எழுந்திரு'ன்னு நான்தான் சொன்னேன். தெருவுல நடக்க யார் எழுப்புறது?"

எண்ணெயில் முறுக்கு சலசலத்தது.

"நாளைக்குத் தளவாய் விழுறார்மா. நான் என்ன சொல்ல?"

"வீட்டுக்கு எழுப்பலாமான்னு ஆவுடையக்காவைக் கேளுங்க. நாற்காலிக்கு என்னன்னு உங்களுக்கே தெரியும். எங்க வீட்டுக்காரருக்கு அளந்தீங்களே." அவள் ஒரு பொட்டலம் கட்டி நீட்டினாள். "வந்ததுக்கு இதையாவது வாங்கிட்டுப் போங்க."

மறுநாள் தளவாய் விழுந்தார். நெஞ்சு மண்ணில் படவில்லை, அதற்குள் பின்னாலிருந்து ஒருவன், "அண்ணாச்சி, சட்டுன்னு சொல்லிருங்க, புதுச் சட்டை" என்றான். ஊர் சிரித்தது.

பூதலிங்கம் பெண்கள் நின்ற பக்கம் திரும்பினார். "ஆவுடையம்மா, இவர் வீட்டுக்கு எழுந்து வரலாமா?"

இது வழக்கத்தில் இல்லாத கேள்வி. சிரிப்பு நின்றது. ஆவுடையம்மாள் புருஷனின் முதுகைப் பார்த்தாள்.

"வரட்டும்," என்றாள். பிறகு, "பின்வாசல் வழியா வரட்டும்."

பூதலிங்கம் குனிந்தார். "தளவாய், வீட்டுக்கு எழுந்திரு. தெருவுக்கும் எழுந்திரு. யாரும் உன்னோட பேசாம இருக்கப்பிடாது. நாற்காலி மட்டும் அஞ்சு வருஷத்துக்கு இல்லை. சிவனணைந்தானுக்கு அளந்ததுதான் உனக்கும். அவரையும் இந்தத் தெருவுக்கு வரச் சொல்லி ஆள் போகும்."

சாவடி இரைந்தது. "எந்தக் கட்சியில சேர்ந்தீரு?" என்று கேட்டான் ஒருவன். யாரோ தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்தார்கள். பூதலிங்கம் திரும்பப் பிடுங்கவில்லை. விட்டுவிட்டு நடந்தார்.

பாறையடியில் சாமி அவர் வெறும் தோளைப் பார்த்தார்.

"தீர்ந்ததா ஓய்?"

"தீர்ந்தது சாமி."

"நீரா தீர்த்தீர்?"

பூதலிங்கம் முறுக்குப் பொட்டலத்தை எடுத்துச் சாமி முன்னால் வைத்தார்.

"தங்கபுஷ்பம்," என்றார்.